இரண்டாம் ஞாயிறு இன்ஸ்பெக்‌ஷன்

மேஜர் பொற்கொடிக்கு ஐந்தாவது மாதத்தில்தான் முதல் சந்தேகம் வந்தது. அதுவரை அவள் ரொம்பச் சந்தோஷமாக ஏமாந்துகொண்டிருந்தாள்.

சந்தோஷப்படக் காரணம் இருந்தது. பல்லடத்துக்குத் தெற்கே நாலு மைல் தள்ளியிருந்த அந்த ஊரில் தறி ஓட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை, பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களுக்கும் குறைவில்லை. பட்டாளத்துக்காரர்களுக்கென்று ஒரு சங்கம், அதற்கு ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். அவர்களில் பதினோரு பேருக்குச் சர்க்கரை வியாதி. ராணுவ ஆஸ்பத்திரிகளில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து 1992-ல் மேஜராக ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பொற்கொடிக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டே வருஷத்தில், மாதாமாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் சர்க்கரை முகாம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

முகாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், நீல மருந்து ஒரு பாட்டில். குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், ஆரஞ்சு என்றால் இன்னும் அதிகம். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் ஆளை உட்கார வைத்துப் பேச வேண்டும்.

பதினோரு பேரும் காலை ஆறரைக்கெல்லாம் வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து, யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றுவிடுவார்கள். ஹவில்தார் தம்பிதுரை ஓரடி முன்னால் வந்து குதிகாலைச் சேர்த்துச் சல்யூட் அடிப்பார். "பதினோரு பேர் ஆஜர்! ஆல் கரெக்ட், மேடம்!"

அந்தச் சல்யூட் பொற்கொடிக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவளுடைய அப்பா இதே ஊரில், இதே தம்பிதுரையின் அப்பா தோட்டத்தில் மடை கட்டியவர். காலனியிலிருந்து வந்த ஆள் என்று கிணற்று மேட்டுக்கு அக்கட்ட, எட்டத்தில்தான் நிற்க வைப்பார்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளை இன்றைக்கு விரலை நெற்றிக்குக் கொண்டுபோய், அவள் பதிலுக்குக் கை தூக்கும்வரை இறக்காமல் நிற்கிறார். அவள் ஒரு நொடி தாமதமாகவே கையைத் தூக்குவாள். அந்த ஒரு நொடியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மாதம் நாலு பேருக்கு ஆரஞ்சு, மற்றவர்களுக்குப் பச்சையும் மஞ்சளும். பொற்கொடி வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே எல்லோரையும் பிடி பிடி என்று பிடித்தாள். இரண்டாம் மாதமே பாதிப் பேர் நீலம். மூன்றாம் மாதத்திலிருந்து பதினோரு குழாயும் நீலம். "சபாஷ்" என்றாள். கிழவர்கள் மார்பை நிமிர்த்தினார்கள். புனேயில் கூட வேலை பார்த்த சிநேகிதிக்கு இரண்டு பக்கத்துக்குப் பெருமையாகக் கடிதம் வேறு எழுதிப்போட்டாள்.

ஐந்தாம் மாதம் தம்பிதுரை மருந்துச் சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார், படிக்க முடியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஆள் இளைக்கிறார், கண் மங்குகிறது, குழாய் மட்டும் வானம் போல நீலமாக நிற்கிறது. எங்கேயோ உதைத்தது.

அடுத்த வியாழக்கிழமை தம்பிதுரையின் மனைவி ராசாத்தாள் பொற்கொடியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காலனியின் முதல் வீடு அது. ராசாத்தாள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங், மிலிட்டரியம்மா இருக்கீங்ளா?"

"வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க."

ராசாத்தாள் நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள், நுனியில் உட்கார்ந்தாள். கையில் மஞ்சப்பை. முதலில் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

"எங்கூட்டுக்காரரு மாசாமாசம் வெள்ளிக்கெழம பொழுதோட இருந்து பட்டினி கெடக்கறாருங்க. ஏனுங்க திங்க மாட்டீங்கறீங்கன்னு கேட்டா, ஞாயித்துக்கெழம இன்ஸ்பெக்சன், வாய மூடுங்கறாரு. சனிக்கெழம மாத்திரய ரெண்டு ரெண்டா முழுங்கறாரு. ஞாயித்துக்கெழம உங்ககிட்ட சபாஷ் வாங்கிட்டு ஊட்டுக்கு வந்தா, வெல்லம் போட்டு ஒப்பிட்டு சுடு, கறி எடுத்துட்டு வான்னு ஒரே ரகளைங்க. அவரு மட்டுமில்லீங், அத்தன பேரும் அப்படித்தானாம்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல குளிக்கற ரூமுல அவரு ஒண்ணுக்கு இருந்த எடத்துல எறும்பு சாரி சாரியாப் போகுதுங்க. மண்ணெண்ண ஊத்தி ஊத்தி என்ற கையே நாறுது." அவள் மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு காக்கி சாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அஞ்சு நாளா வெயில்லகூடச் சாக்ஸோடவே சுத்தறாருங்க. இன்னிக்குத் தொவைக்க எடுத்தேன். நீங்களே பாருங்."

பெருவிரல் பக்கம் சாக்ஸ் பழுப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது. மோந்து பார்க்கத் தேவையில்லை. இருபத்தெட்டு வருஷம் புண் கட்டிய கைக்கு, தொட்டதுமே சீழ் என்று தெரிந்துவிட்டது.

பொற்கொடிக்கு முதலில் மண்டைக்குக் கோபம் ஏறியது. என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறார்கள் இந்தக் கிழவர்கள்! அந்தக் கோபம் வாசல்வரைகூட வரவில்லை. செருப்பை மாட்டும்போது, வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டில் ஜெனரல் வருகிறார் என்று மூன்று நாள் தூங்காமல் வேலை பார்த்தது ஞாபகம் வந்தது. மரங்களுக்கெல்லாம் இடுப்புவரை சுண்ணாம்பு. பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை. முனகுகிற நோயாளிகளைப் பின்கட்டு வார்டுக்குத் தள்ளிவிட்டு, சிரிக்கிறவர்களை முன்னால் போட்டு, ஸ்டோரிலிருந்து புதுப் போர்வை வாங்கி விரித்தார்கள். ஜெனரல் கார் கிளம்பின புழுதி அடங்குவதற்குள் போர்வைகள் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டன. அந்தப் போர்வைகளை விரித்தவள் லெப்டினன்ட் பொற்கொடி.

பட்டாளத்தானுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வைத்தால் அவன் இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் தயாராவான். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சல்யூட்டுக்கு ஆசைப்பட்டு முகாமைப் பரேடாக நடத்தினாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. பையில் விளக்கையும் மருந்தையும் போட்டுக்கொண்டு ராசாத்தாளோடு வேகமாக நடந்தாள்.

தம்பிதுரை தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வேட்டி, பனியன், டயர் செருப்பு, அதற்குள் காக்கி சாக்ஸ். பொற்கொடியைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விறைப்பாக நின்றார்.

"மேடம்... இன்னிக்கு வியாழக்கெழமைங்களே?"

"வியாழக்கிழமைதான். போயி ஒரு பாட்டில்ல ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். ராசாத்தாள் வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லை.

மாடு கட்டுகிற கட்டுத்தறி நிழலில் விளக்கைப் பற்றவைத்தார்கள். குழாய் கொதித்தது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, எங்கும் நிற்காமல் நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய் அடியில் தங்கியது.

"மருந்து கெட்டுப்போயிருக்குமுங்க, மேடம்."

பொற்கொடி இன்னொரு குழாயில் கிணற்றுத் தண்ணீர் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள். நீலம் அசையவில்லை. இரண்டு குழாயையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். தம்பிதுரை முகத்தில் ஈயாடவில்லை.

சாக்ஸைக் கழற்றினாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி, அதைச் சுற்றிக் கறுத்து வீங்கியிருந்தது. செருப்பை எடுத்து உள்ளே விரலை ஓட்டினாள். டயரில் அடித்திருந்த ஆணி ஒன்று நெல் மணி அளவுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"இது எப்பக் குத்துச்சு?"

"குத்தவே இல்லீங்க, மேடம். ஈரமாக் கசிஞ்சுது, சாக்ஸப் போட்டு மறைச்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து நாளாக ஆணியை மிதித்துக்கொண்டே தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார். கால் அவருக்குச் சொல்லவே இல்லை.

அன்றைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அறுவை மருத்துவர் சிக்கந்தர் பேச்சைச் சுற்றி வளைக்காத மனிதர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரலை இன்னிக்கே எடுத்தாகணும். மிச்சத்துக்கு ஆறு வாரம் தாரேன். இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கினா புண்ணு ஆறும், பாதம் உங்களுக்கு. இறங்கலீன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

விரலை எடுத்து, பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது தம்பிதுரை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க ஆர்டர் போடுங்க, மேடம். அப்படியே செய்யறேன். ஒத்தக் காலோட இந்தத் தோட்டத்துல நான் நிக்க மாட்டனுங்க."

"ஆர்டர் போட மாட்டேன்" என்றாள் பொற்கொடி. "நான் ஆர்டர் போட்டுத்தான் இந்தக் காலுக்கு இந்தக் கதி. நான் உங்கள வரிசையில நிறுத்தினேன், திட்டினேன், சபாஷ் சொன்னேன். நீங்க எனக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் காட்டினீங்க. தப்பு என்னுது. மன்னிச்சுருங்க. இனி எனக்கு யாரும் சல்யூட் அடிக்கக்கூடாது."

"அதும் ஆர்டருதானுங்களே?" என்றாள் ராசாத்தாள், அடுப்படியிலிருந்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் பத்து நாளாகச் சிரிப்புச் சத்தம் இல்லை.

பொற்கொடி ஒரு குழாய், விளக்கு, நீல மருந்து, ஒரு நோட்டு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். "இது உங்களுது. நாளுக்கு மூணு தடவ நீங்களே காச்சுங்க. என்ன கலரு, முன்னால என்ன சாப்பிட்டீங்க, எழுதுங்க. செவப்பு வந்தா செவப்புன்னு எழுதுங்க. சார்ஜ் ஷீட் ஒண்ணும் வராது. ஒரு வாரம் எழுதினா எந்தச் சோறு உங்களக் கவுக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஊசியும் நீங்களே போட்டுக்கணும்."

"ஊசி போட்டுக்குவனுங்க. அந்தக் குட்டிக் குட்டிக் கோடு கண்ணுக்குத் தெரியோணுமே?"

அதுதான் சிக்கல். ராசாத்தாளுக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். பொற்கொடி தானே தினமும் வரலாம். வந்தால் எல்லாம் மறுபடி அவள் கைக்குள் போய்விடும். தம்பிதுரை ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"மாசாணத்துக்குக் கண்ணு நல்லாருக்குதுங்க" என்றார் கடைசியில்.

மாசாணம் பதினோரு பேரில் ஒருவர். பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மில்லில் வாட்ச்மேன். ஜீப் கவிழ்ந்ததில் இடுப்பில் அடி; குனிய முடியாது. வீடு காலனியில், பொற்கொடி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அவரும் தம்பிதுரையும் ஒரே பதுங்குகுழியில் ஒரே தட்டில் சப்பாத்தி தின்றவர்கள். ஊருக்கு வந்து பதினைந்து வருஷத்தில் மாசாணம் அந்தத் தோட்டத்து வாசற்படி ஏறியதில்லை. கூப்பிட்டதும் இல்லை.

தம்பிதுரை சொல்லியனுப்ப, மறுநாள் காலை ஆறு மணிக்கு மாசாணம் வேலையிலிருந்து நேராக வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். "ஹவில்தாருங்க, வந்துட்டனுங்க."

"அங்க நின்னா ஊசிக் கோடு எப்படிப்பா தெரியும்? உள்ள வா" என்றார் தம்பிதுரை. குரல் கொஞ்சம் முரடாகத்தான் வந்தது. மாசாணம் ராசாத்தாளைப் பார்த்தார். அவள் முக்காலியை எடுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டாள். மூலையில் ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்சுலின் பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தாள். பிறகு சர்க்கரை போடாத காப்பியை இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

ஊர் பார்த்தது, பேசியது. பங்காளிகள் இரண்டு பேர் வந்து ஜாடையாகக் கேட்டார்கள். "உங்கள்ல யாராச்சும் தெனமும் ஆறு மணிக்கு வந்து கோடு பாருங்கப்பா, அவன நிறுத்திக்கறேன்" என்றார் தம்பிதுரை. மறுநாளிலிருந்து பங்காளிகளைக் காணோம்.

நோட்டு நிறைய ஆரம்பித்தது. முதல் வாரம் பூராவும் சிவப்பும் ஆரஞ்சும். களி தின்றால் என்ன ஆகிறது, அளவில்லாமல் சோறு தின்றால் என்ன ஆகிறது, கருப்பட்டிதானே என்று காப்பியில் ஒரு கட்டி போட்டால் என்ன ஆகிறது என்று அவரே பெரிய பெரிய எழுத்தில் எழுதி, அவரே படித்து, அவரே வாயைப் பிளந்தார். இரண்டாம் வாரம் மஞ்சள் தலைகாட்டியது. மூன்றாம் வாரம் மாரியம்மன் நோம்பி வந்தது. மைத்துனர் வீட்டிலிருந்து ஒப்பிட்டு வந்தது. தம்பிதுரை நாலைத் தின்றுவிட்டு நோட்டில் 'நீலம்' என்று எழுதினார். பழக்கம் சும்மா விடுமா?

மறுநாள் காலை மாசாணம் நோட்டை வாங்கிப் பார்த்தார். கழுவாமல் கிடந்த குழாயையும் பார்த்தார். அடியில் செங்கல் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஹவில்தாருங்க," என்றார் மெதுவாக, "நாம குழிக்குள்ள படுத்துக் கெடந்தப்ப, வெளிய நிக்கற சென்ட்ரி தூங்கிப்போட்டு ஆல் கிளியர்னு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்?"

"சுட்டுப்போட்டிருப்பேன்."

"இங்க சென்ட்ரி யாருங்க?"

தம்பிதுரைக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. நோட்டை வாங்கி 'நீலம்' என்பதை அடித்தார். 'சிவப்பு. ஒப்பிட்டு நாலு. பொய் எழுதினேன்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்குப் பிறகு அந்த நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. நாலாம் வாரம் பச்சை, ஐந்தாம் வாரம் பச்சையும் நீலமும். புண்ணின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை வந்தது. மாசாணம் தினமும் முக்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துப் பார்த்து, புண் எத்தனை அகலம் என்று அதே நோட்டில் எழுதினார்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை டாக்டர் சிக்கந்தர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரலால் அமுக்கினார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'பொய் எழுதினேன்' பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

"பாதம் உங்களுது" என்றார். "கொண்டு போங்க."

ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பிதுரை பொற்கொடியைப் பார்த்துக் கையைத் தூக்கப் போய், ஞாபகம் வந்து, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த ஞாயிறு இரண்டாம் ஞாயிறு; போன மாதம் முகாம் நடக்கவில்லை. சங்கக் கட்டடத்தில் மேசையை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தாள் பொற்கொடி. ஆளுக்கு ஒரு குழாய், இரண்டு பேருக்கு ஒரு விளக்கு. பத்துப் பேர் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து, எங்கே வரிசை கட்டுவது என்று தெரியாமல் முழித்தார்கள். பசியில் முகம் வாடியிருந்தது. பதினோராவது ஆளான தம்பிதுரை கைத்தடியோடு வந்து பாயில் உட்கார்ந்தார். தன் குழாயைத் தானே காய்ச்சினார். எல்லோரும் பார்த்தார்கள்.

"மஞ்சள்" என்றார் சத்தமாக. "கால் பொழச்சுதுன்னு நேத்து கெடாக் கறி. சோறு ரெண்டு தட்டு. இன்னிக்குச் சரி பண்ணிக்குவேன்."

மற்றவர்களும் அவரவர் குழாயைக் காய்ச்சினார்கள். பிறகு பின்னாலிருந்து ராமுலு, சிக்னல்ஸில் இருந்தவர், தொண்டையைச் செருமினார். "எனக்கு நீலங்க, மேடம். ஆனா வெள்ளிக்கெழமையில இருந்து பச்சத் தண்ணிதானுங்க." அடுத்தவர் "நானும்" என்றார். அதற்கடுத்தவர், இன்று காலை மூன்று மாத்திரை என்றார். பதினோரு பேரில் ஒருத்தர் பாக்கியில்லை. பொற்கொடி ஒருவரையும் திட்டவில்லை. ராசாத்தாள் கொண்டுவந்திருந்த கொள்ளுச் சுண்டலை முதலில் தின்னச் சொன்னாள்.

"இனி இந்த மாசம் பூரா ஊட்டுல நீங்களே காச்சிப் பாருங்க. அடுத்த மாசம் நோட்டக் கொண்டாங்க, குழாய் வேண்டாம். இப்ப ஷூவக் கழட்டுங்க. ரெண்டு ரெண்டு பேராச் சேந்து ஒருத்தர் காலை ஒருத்தர் பாருங்க. நான் பாக்கமாட்டேன்."

அவரவர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். மாசாணம் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் இன்னொருவர் காலைப் பார்த்தவர், குனிய முடியாததால் தன் காலைப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். வீட்டில் மாட்டிவிட்ட ஷூவைக் கழற்றக்கூட அவருக்கு எட்டவில்லை. தம்பிதுரை கைத்தடியைக் கீழே வைத்தார். பாயைவிட்டுப் பெஞ்சுவரை உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து போனார்.

"காலைக் குடு."

"வேண்டாமுங்க ஹவில்தாருங்க. நம்ம ஊருக்காரங்க அத்தன பேரும்..."

"காலைக் குடுன்னேன்."

ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், கழற்றினார், சாக்ஸை உருவினார். மாசாணத்தின் பாதத்தைத் தன் வெள்ளை வேட்டி மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிக்கொண்டே போனார். குதிகால், நடுப்பாதம், ஒவ்வொரு விரலிடுக்கு. சுண்டுவிரலுக்கு அடியில் வந்ததும் விரல் நின்றது. அமுக்கினார்.

"வலிக்குதா?"

"எங்கீங்?" என்றார் மாசாணம்.

தம்பிதுரை தலையைத் தூக்கினார். "மேடம்! மாசாணம் காலுல வேலமுள்ளு. ஒடஞ்சு உள்ளயே நிக்குது, இவனுக்குத் தெரியல. ஆல் கரெக்ட் இல்லீங்க, மேடம்!"

இருபத்தெட்டு வருஷத்தில் பொற்கொடி எத்தனையோ ரிப்போர்ட் கேட்டிருக்கிறாள். ஒரு பட்டாளத்தான் வாயிலிருந்து இப்படி ஒன்று கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. தம்பிதுரைக்குச் சல்யூட் அடிக்கக் கை ஒழிவில்லை. இரண்டு கையாலும் மாசாணத்தின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொற்கொடி முள்வாங்கியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.